வெயிலைப் படிக்கும் வேலை

2024 மார்ச் கடைசி. இரவு எட்டே கால் இருக்கும். வேடசந்தூரைத் தாண்டி ஒரு சோளக்காட்டு வரப்பில் நின்றுகொண்டு என் தங்கை மகன் போன் செய்தான். ஒப்பந்தத்துக்கு நில அளவை செய்கிறவன். பகல் வெயிலுக்குப் பயந்து, விட்டுப்போன சில புள்ளிகளை அந்தி சாய்ந்த பிறகு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“மாமா, கருவி மக்கர் பண்ணுது. ஏழரை வரைக்கும் நல்லா ஃபிக்ஸ்ல இருந்துச்சு. அப்புறம் ஃப்ளோட்டுக்குப் போயிருச்சு. வருது, போகுது, வருது, போகுது. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. நட்சத்திரத்தை எண்ணலாம் போல இருக்கு.”

அவன் கையில் இருந்தது ஆளுயரக் கம்பு ஒன்று. அதன் உச்சியில் காளான் குடை போல ஒரு ஜிபிஎஸ் ஏற்பி. அளக்கிறவர்கள் அதை ரோவர் என்பார்கள். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளை அது வாங்கும். பக்கத்தில் எங்கோ அசையாமல் நிற்கும் இன்னொரு ஏற்பியின் கணக்கோடு ஒப்பிட்டு, தான் நிற்கும் இடத்தை ஓரிரு சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்லும். அந்த நிலைதான் ஃபிக்ஸ். கணக்கு முழுதாகக் கூடாமல் சில சாண் பிழையோடு தள்ளாடினால் ஃப்ளோட். பட்டா எல்லைக் கல் நடும் வேலையில் ஒரு சாண் பிழை பங்காளிச் சண்டைக்குப் போதும்.

மறுநாள் கருவியைக் கடையில் கொண்டுபோய்க் காட்டினான். ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான். கோளாறு அவன் தலைக்கு மேலே, முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது.

அங்கே இருப்பது அயனி மண்டலம். சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்றின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து எடுப்பதால் உண்டாகும் மின்னூட்டப் படலம் அது. செயற்கைக்கோள் சமிக்ஞை அதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். பகலில் படலம் தடித்திருக்கும், சமிக்ஞை கொஞ்சம் தாமதமாகும். தாமதம் ஒரே சீராக இருந்தால் கருவி அதைக் கழித்துக்கொள்ளும். சிக்கல் பொழுது சாய்ந்ததும் தொடங்குகிறது. வெயில் போனதும் படலத்தின் கீழ்ப்பகுதி சீக்கிரம் கரைந்துவிடும், மேற்பகுதி அடர்த்தியாகவே நிற்கும். பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் அந்த நேரம் பார்த்து ஒரு மின்புலம் மேற்பகுதியை இன்னும் உயரே தூக்கிவிடும். கனமானது மேலே, லேசானது கீழே. எண்ணெயைக் கீழே வைத்துத் தண்ணீரை மேலே ஊற்றினால் எவ்வளவு நேரம் அப்படியே நிற்கும்? கீழிருந்து லேசான பகுதி குமிழியாகக் கிளம்பி, அடர்ந்த படலத்தைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறும். சில குமிழிகள் ஆயிரம் கிலோமீட்டர் உயரம் வரை போகும். அவற்றின் ஓரங்களில் சமிக்ஞை சிதறி, நட்சத்திரம் மின்னுவது போல மின்னும். ரோவர் செயற்கைக்கோளைத் தவறவிடும், பிடிக்கும், மறுபடி தவறவிடும்.

இந்தப் பிளாஸ்மா குமிழிகள் நம் பக்கத்தில் மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் அதிகம் எழும். சூரியன் உச்சச் சுறுசுறுப்பில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். மாப்பிள்ளை வரப்பில் நின்ற அந்த ஆண்டு அப்படிப்பட்ட ஆண்டு.

சூரியன் கிளப்புவதும், பூமியைச் சுற்றியுள்ள வெளியில் அது உண்டாக்கும் விளைவுகளும் சேர்ந்ததுதான் விண்வெளி வானிலை. அதை நாள்தோறும் கவனித்து, நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்வது ஒரு வேலை, சம்பளத்துக்குச் செய்கிற வேலை. திண்டுக்கல் மாவட்டத்தில் அந்த வேலையின் கவனிக்கும் பாதி நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. சொல்லும் பாதிக்குத்தான் இன்னும் நிறைய ஆட்கள் வேண்டும். ஏனென்றால் நம் தலைக்கு மேலிருக்கும் வானம், உலகத்திலேயே கணிக்கச் சிரமமான வானங்களில் ஒன்று.

அந்தச் சிரமத்தின் வேர், தென் தமிழகத்துக்கு மேலே ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஒரு மின்னாறு. பகல் முழுக்க அது மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. காந்த நடுக்கோட்டின் இருபுறமும் சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு மட்டும். சிட்னி சாப்மன் 1951-இல் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் நடுக்கோட்டு மின்தாரை என்று சொல்லலாம். இந்தியாவின் விண்வெளித் திட்டம் தும்பாவில் தொடங்கியதற்குக் காரணமே இந்த மின்தாரைதான். காந்த நடுக்கோடு அந்த மீனவக் கிராமத்துக்கு மேலே போனதால் விக்ரம் சாராபாய் அதைத் தேர்ந்தார். 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட், மேல்வளி மண்டலத்தைப் படிக்கப் போன ஒரு சிறு நைக்கி அப்பாச்சி. சந்திரயானையும் மங்கள்யானையும் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். நம் தலைக்கு மேலே என்ன ஓடுகிறது என்று கேட்டுத்தான் நாம் விண்வெளிக்குப் போகத் தொடங்கினோம்.

சூரியனைக் கவனிக்கும் வேலை அதற்கும் வெகுகாலம் முந்தியது. அதன் தொடக்கத்தில் ஒரு பஞ்சம் இருக்கிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கருக்கிய தாது வருடப் பஞ்சத்தை இந்தப் பக்கத்து வீடுகளில் பாட்டிமார் வாய்வழிக் கதையாகவே சொல்லி வந்திருக்கிறார்கள். லட்சக்கணக்கில் செத்தார்கள். மழை ஏன் பொய்த்தது என்ற கேள்விக்கு அன்றைய விஞ்ஞானிகள் சிலர் சூரியனைக் கை காட்டினார்கள். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன, மழையும் அதோடு சேர்ந்து கூடிக் குறைகிறதோ என்பது அவர்கள் ஐயம். அதைத் தீர்க்க வேண்டுமானால் சூரியனைத் தினமும் பார்க்க வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் ஏற்கெனவே இருந்த வானாய்வகத்தின் புழுதியும் கடற்காற்றும் அதற்கு ஒத்துவரவில்லை. வானியலாளர் சார்லஸ் மிச்சி ஸ்மித் பழனி மலையையும் நீலகிரியையும் ஏறி இறங்கி, கடைசியில் கோடைக்கானலைத் தேர்ந்தார். 1895-இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899-இல் ஆய்வகம் நிறுவப்பட்டது. மலைக்கு மோட்டார் சாலை வராத காலம் அது. ரயிலில் வருகிறவர்கள் நம் சமவெளியின் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மலையடிவாரம் வரை மாட்டு வண்டியில் போய், அதன்பின் நடந்தோ குதிரையிலோ டோலியிலோ ஏறுவார்கள். கோடை ரோடு என்று பெயர் பெற்ற அந்த ரயில் நிலையம் இன்றும் இருக்கிறது.

மழைக்கும் கரும்புள்ளிக்கும் அவர்கள் தேடிய நேர்க்கோட்டு உறவு அகப்படவில்லை. ஆனால் தேடுவதற்காகத் தொடங்கிய பதிவேட்டை அவர்கள் மூடிவிடவில்லை. இந்த ஒரு முடிவுக்காகவே அந்த மனிதர்களை நான் வணங்குகிறேன். 1904-இலிருந்து வானம் திறந்த ஒவ்வொரு நாளும் சூரியனைப் படம் எடுத்தார்கள். சில ஆண்டுகளில் கால்சியத்தின் ஊதா ஒளியில் ஒரு படமும், 1912 வாக்கில் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் ஒரு படமும் சேர்ந்தன. ஒரே சூரியனின் மூன்று முகங்கள். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கேதான் கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு உள்ளிருந்து வெளியே நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதைக் கண்டார். உலகம் முழுவதும் இயற்பியல் நூல்களில் அது எவர்ஷெட் விளைவு என்று இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓரிடத்தில் நடந்த கண்டுபிடிப்பு என்று நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆய்வகம் 1971 வரை வானிலைத் துறையின் கீழேயே இருந்தது. விண்வெளி வானிலை என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே, மழையைக் கணக்கெடுத்த துறையே சூரியனையும் கணக்கெடுத்திருக்கிறது. 1971-இல் இந்திய வானியற்பியல் நிறுவனம் தனியாகப் பிரிந்தபோது கோடைக்கானல் அதோடு போனது.

அங்கே வேலை எப்படி நடக்கும் என்று ஒரு துளி காட்டுகிறேன். சூரியன் மலை முகட்டைத் தாண்டி ஏறியதும் தொலைநோக்கிக் கூண்டைத் திறந்துவிட வேண்டும். தரை சூடேறுவதற்கு முந்தைய காலை நேரம்தான் பொன்னான நேரம். அதன்பின் கிளம்பும் வெப்பக் காற்று, கானல் போலப் படத்தைத் தளும்பவிடும். 1850-இல் சென்னைக்கு வாங்கிய தொலைநோக்கி ஒன்று, பின்னர் மாற்றியமைக்கப்பட்டு, 1918-இலிருந்து சூரிய முகத்தைப் படம் எடுத்திருக்கிறது. படத்தில் சூரியனின் குறுக்களவு 20 சென்டிமீட்டர், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. எடுத்த படங்களைப் பார்த்து, அட்சரேகை தீர்க்கரேகை கோடு போட்ட வட்டத் தாளில் கரும்புள்ளி, ஒளித்திட்டு, இருண்ட இழை ஒவ்வொன்றையும் தனித்தனி வண்ணத்தில் கையால் வரைவார்கள். சூரிய வரைபடம் என்று அதற்குப் பெயர். மேகம் மூடிய நாளில் தாள் வெறுமையாக நிற்கும். நூறாண்டுக்கும் மேல் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பென்சிலை எடுத்திருக்கிறார். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை அந்தக் கூண்டைத் திறந்த வரலாறும் அங்கே உண்டு.

கணினிக் காலத்தில் அந்தத் தாள்களும் கண்ணாடித் தகடுகளும் எண்வடிவம் பெற்றுவிட்டன. அடுத்த சூரியச் சுழற்சி எவ்வளவு வலுவாக இருக்கும் என்று மாதிரி கட்டுகிறவர்கள், பழைய சுழற்சிகள் எப்படி நடந்தன என்று பார்க்க இப்படிப்பட்ட பதிவுகளிடம்தான் வந்தாக வேண்டும். எந்தப் பணத்தைக் கொட்டினாலும் 1910-ஆம் ஆண்டுச் சூரியனை இன்று போய்ப் படம் எடுக்க முடியாது.

சூரியனைப் பார்ப்பது ஒரு பக்கம். அது பூமியில் வந்து என்ன செய்கிறது என்று பார்க்க, காந்தப் புலத்தை அளக்கும் காந்தமானி வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் காந்தமானிக் குடில்தான். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் நடுக்கோட்டு ஆய்வகம் திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட குடில்களில் இரும்பு ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அளக்கப் போகிறவர் கைக்கடிகாரம், பெல்ட், செல்போன் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். சாவிக்கொத்தும் அப்படியே. பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்காரனாகிய எனக்கு அது ஒரு கணம் உறுத்தியது. காந்தம் கலக்காத தொலைநோக்கியை தூணின் மேல் வைத்து, புலத்தின் திசையையும் சாய்வையும் கையால் அளந்து, தானியங்கிக் கருவி சரியாகத்தான் ஓடுகிறதா என்று அவ்வப்போது சரிபார்ப்பார்கள். ஊர் பெருகப் பெருக இந்தக் குடில்கள் ஒதுங்கிப் போக வேண்டியிருக்கிறது. மும்பை கொலாபாவில் இருந்த காந்த ஆய்வகம், நகரத்துக்கு மின்சார டிராம் வரவிருந்ததால் அதன் இயக்குநர் நானாபாய் மூஸ் காலத்தில் அலிபாகுக்குப் போனது.

கொலாபா பெயரை இந்தத் துறையில் யாரும் மறக்க மாட்டார்கள். 1859 செப்டம்பர் தொடக்கத்தில், இங்கிலாந்தில் வானியலாளர் ரிச்சர்ட் கேரிங்டன் சூரியனில் ஒரு வெள்ளை மின்னலைக் கண்டு ஒருநாள் கழிவதற்குள், கொலாபாவில் காந்தப் புலம் ஏறத்தாழ 1600 நானோடெஸ்லா சரிந்ததைக் கையால் குறித்துவைத்தார்கள். தென் தமிழகத்தில் புலத்தின் மொத்த அளவே 40,000 நானோடெஸ்லாதான். அந்தப் புயலின் அளவைச் சொல்ல இன்றும் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள்.

திருநெல்வேலியும் அலிபாகும் சேர்ந்து இன்னொரு வேலையும் செய்கின்றன. உலகம் தழுவிய காந்தப் புயல் இரண்டு ஊரையும் ஏறத்தாழ ஒரே மாதிரி தொடும். மின்தாரை திருநெல்வேலியை மட்டும்தான் தொடும். எனவே திருநெல்வேலிக் கணக்கிலிருந்து அலிபாக் கணக்கைக் கழித்தால் மின்தாரையின் வலு தனியாக வந்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கழித்தல்தான். ஆனால் இரண்டு முனையிலும் ஆட்கள் ஆண்டுக்கணக்கில் கருவியை நேர்மையாக வைத்திருந்தால்தான் அந்தக் கழித்தலுக்கு அர்த்தம் உண்டு. பகலில் அயனி மண்டலம் நடந்துகொண்ட விதத்தை வைத்து அன்று மாலை குமிழி எழுமா என்று சொல்ல நம் ஆய்வாளர்கள் 1980-களிலிருந்து முயன்று வருகிறார்கள். இன்றும் முழுதாகக் கைவரவில்லை. சூரியப் புயல் வந்தால் குமிழி கூடும் என்று பொத்தாம்பொதுவாகவும் சொல்ல முடியாது. சில புயல்கள் குமிழியைக் கிளப்பிவிடும், சில அமுக்கிவிடும்.

இனி, முன்னறிவிப்பாளர் மேசைக்குப் போவோம். அமெரிக்காவின் போல்டரிலும் பிரிட்டன் வானிலைத் துறையிலும் அந்த மேசையில் இருபத்துநான்கு மணி நேரமும் ஷிப்ட் முறையில் ஆள் இருப்பார்கள். அவர்கள் ஓடும் பந்தயம் மூன்று வேகங்களில் நடக்கிறது. சூரியச் சுடர் வெடித்தால் அதன் எக்ஸ் கதிர் எட்டே கால் நிமிடத்தில் இங்கே வந்துவிடும். நாம் வெடிப்பைப் பார்க்கும் அதே கணத்தில் பகல் பக்கத்துச் சிற்றலை வானொலி ஊமையாகும். எச்சரிக்க நேரமே கிடையாது. வெடிப்புக்கு முன்பே வாய்ப்பை மட்டும் சொல்லலாம். அடுத்து, வேகமான புரோட்டான்கள் சில பத்து நிமிடங்களில் வரும். கடைசியாக வருவது, சி.எம்.இ. என்று துறைக்காரர்கள் சொல்லும் பிளாஸ்மா மேகம். சூரியனின் வெளி அடுக்கான ஒளிமகுடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு, தன்னுடைய காந்தப் புலத்தையும் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்புவது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் இங்கே வந்து சேரும்.

மூன்று நாள் அவகாசம் என்றால் நிம்மதியாகத் தெரியலாம். தெரிந்துகொள்ள வேண்டியது மட்டும் கடைசி ஒரு மணி நேரம் வரை தெரியாது. மேகத்தின் காந்தப் புலம் வடக்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தக் கவசம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தெற்கு நோக்கி இருந்தால் கவசம் திறந்துகொள்ளும். எந்தப் பக்கம் என்று இப்போதைக்கு மேகத்துக்குள் கருவியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்காகத்தான் பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, எல்-1 என்ற ஈர்ப்புச் சமநிலைப் புள்ளியில் காவல் கலங்களை நிறுத்தியிருக்கிறார்கள். மேகம் நொடிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அங்கே பட்டதிலிருந்து இங்கே சேர 50 நிமிடம். 800 கிலோமீட்டரில் வந்தால் அரைமணி.

அந்தக் காவலில் இப்போது நம் கலமும் ஒன்று. 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பிய ஆதித்யா எல்-1, 2024 ஜனவரி 6-இல் அங்கே போய் நின்றது. அதில் ஏழு கருவிகள். சூரிய வட்டை மறைத்துவிட்டு ஒளிமகுடத்தை மட்டும் பார்க்கும் கருவியைச் செய்தது, கோடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம். திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தவர்.

மேசையில் இருப்பவரின் நிஜமான பாரம், எப்போது வாய் திறப்பது என்பதுதான். ஒவ்வொரு மேகத்துக்கும் அலறினால் புலி வருது கதையாகிவிடும். பேசாமல் இருந்து ஒன்று தப்பினாலோ விலை பெரிது. 1989 மார்ச் 13-இல் கனடாவின் கியூபெக்கில் காந்தப் புயலால் ஒன்றரை நிமிடத்தில் மின்கட்டமைப்பு சரிந்து, 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் கிடந்தார்கள். நம் ஊர் துருவத்துக்கு வெகுதூரம். அந்த அளவு ஆபத்து நம் உயரழுத்தக் கம்பிகளுக்கு இல்லை. ஆனால் சிறிய புயலும் யாரோ ஒருவருக்குப் பெரிய புயல்தான். 2022 பிப்ரவரி 3-இல் ஸ்டார்லிங்க் நிறுவனம் 49 செயற்கைக்கோள்களைத் தாழ்ந்த பாதையில் ஏவியது. அப்போது அடித்தது மிதமான புயல். மேல்வளி மண்டலம் சூடேறிப் புடைத்துக் காற்றின் இழுவையைக் கூட்டியதில், 38 வரை திரும்ப விழுந்து எரிந்தன. எனவே நல்ல முன்னறிவிப்பாளர் சூரியனை மட்டும் அறிந்தால் போதாது. தன் பேச்சைக் கேட்கிறவர் என்ன தொழில் செய்கிறார் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். விமானிக்கு ஒரு சொல், செயற்கைக்கோள் இயக்குபவருக்கு வேறொரு சொல், நில அளவைக்காரருக்கு இன்னொன்று.

2024 மே 10, 11 தேதிகளில் இருபது ஆண்டுகளில் காணாத புயல் அடித்தது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததைக் கேமராக்கள் பிடித்தன. நான் அதைவிட உற்றுக் கவனித்தது வேறொரு செய்தியை. அமெரிக்காவில் நடவு உச்சத்தில் இருந்த விவசாயிகளின் டிராக்டர்கள், ஜிபிஎஸ் துல்லியம் தொலைந்ததால் வயலில் நின்றுபோயின. ஒட்டன்சத்திரம் பக்கமும் நிலக்கோட்டை பக்கமும் மருந்து தெளிக்க ட்ரோன் வர ஆரம்பித்துவிட்டது. நாளை நமக்கும் அந்தக் கவலை உண்டு.

விமானத் துறை இதை முன்பே உணர்ந்துகொண்டது. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து கட்டிய ககன் அமைப்பு, ஜிபிஎஸ்ஸின் பிழையைத் திருத்தி விமானங்களுக்கு அனுப்புகிறது. நடுக்கோட்டு அயனி மண்டலத்துக்கு ஏற்ற தனி மாதிரியை அதற்காக உருவாக்க வேண்டியிருந்தது. மேல்நாட்டு வானத்துக்கு எழுதிய சூத்திரம் இங்கே அப்படியே செல்லாது.

சரி, இந்த வேலைக்கு எப்படிப் போவது? திண்டுக்கல்லில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விண்வெளி வானிலை முன்னறிவிப்பாளர் என்ற பெயர்ப்பலகையோடு ஆண்டுதோறும் ஆள் எடுக்கும் அலுவலகம் நம் நாட்டில் இன்னும் பெரிதாக வளரவில்லை. வேலை பல கூரைகளின் கீழே சிதறிக் கிடக்கிறது. சூரியனைப் படிக்கப் பெங்களூரின் வானியற்பியல் நிறுவனம், நைனிதாலின் ஏரீஸ், உதய்பூர் சூரிய ஆய்வகம். அயனி மண்டலத்துக்கும் காந்தத்துக்கும் நவி மும்பையின் புவிகாந்தவியல் நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம், திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம், திருப்பதி பக்கம் கடங்கியின் வளிமண்டல ஆய்வகம். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் விண்வெளி அறிவியல் மையம் முன்னறிவிப்பையே முதன்மையாக வைத்திருக்கிறது. இப்போதைய சூரியச் சுழற்சி 2024 வாக்கில் உச்சம் தொடும் என்று 2018-லேயே எழுதியவர்கள் அவர்கள். செயற்கைக்கோள்களைப் பாதுகாக்கும் பக்கம் போக விரும்பினால் பெங்களூரில் இஸ்ரோவின் விண்வெளிச் சூழல் கண்காணிப்பு மையம்.

ஆராய்ச்சி வழி என்றால் எம்.எஸ்சி. இயற்பியலுக்கு ஜாம் தேர்வு, பிஎச்.டி.க்கு ஜெஸ்ட், நெட், கேட் தேர்வுகள். காந்திகிராமத்திலோ மதுரையிலோ எம்.எஸ்சி. முடித்துவிட்டும் இந்தத் தேர்வுகளை எழுதலாம், கதவு சாத்தியில்லை. மின்காந்தவியலையும் பிளாஸ்மா இயற்பியலையும் விட்டுவிடாதீர்கள். பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். நிகழ்தகவைப் பரீட்சைக்காக இல்லாமல் புத்திக்காகப் படியுங்கள். முப்பது சதவீத வாய்ப்பு என்று நாம் சொன்ன நாட்களில் பத்துக்கு மூன்று நாள் அது நடந்திருக்கிறதா என்று ஒருவர் தம்மையே தணிக்கை செய்துகொண்டால்தான் முன்னறிவிப்பு ஜோசியத்திலிருந்து பிரிகிறது.

டிப்ளமோவும் ஐ.டி.ஐ.யும் படித்தவர்களுக்கும் இங்கே இடமுண்டு என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. காந்தமானியின் பேட்டரி, இடி விழுந்தால் எரியும் மின்சுற்று, ஆண்டெனாவின் துரு, தொலைநோக்கியின் கடிகாரப் பொறி, தரவு போகும் இணைப்பு எல்லாவற்றுக்கும் கை வேண்டும். கருவி ஒரு வாரம் படுத்துவிட்டால் அந்த வாரம் என்றென்றைக்குமாகப் போனதுதான். ஊட்டியில் விண்கதிர்கள் உண்டாக்கும் மியூவான் துகள்களைக் கண்டறியும் கிரேப்ஸ்-3 என்ற நிலையம் இருக்கிறது. 2015 ஜூன் 22-இல் சூரிய மேகம் ஒன்று பூமியின் காந்தக் கவசத்தைச் சற்று நேரம் தளர்த்தியபோது, மியூவான்களின் எண்ணிக்கை இரண்டு மணி நேரம் எழும்பியதை அது பதிந்துவைத்தது. கட்டுரை எழுதியவர்களின் பெயர் உலகுக்குத் தெரியும். அந்த இரண்டு மணி நேரத்தில் கருவிகள் அத்தனையும் உயிரோடு இருந்ததற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் சால்டரிங் பிடித்த கைகளும் இருக்கின்றன.

என் மாப்பிள்ளை விண்வெளி விஞ்ஞானியாகப் போவதில்லை. அவனுக்குக் குடும்பம் இருக்கிறது, வண்டிக்கடன் இருக்கிறது. ஆனால் நான் சொன்னதைக் கேட்டபின் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டான். அந்த அக்டோபரில் மாலை வேலைக்குப் போகும்போதெல்லாம் கள நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேரத்தைக் குறித்துவைத்தான். தீபாவளிக்கு வந்தபோது நோட்டை என் முன்னால் விரித்தான்.

7.48 – போச்சு. 8.06 – வந்துச்சு. 8.29 – போச்சு. 8.51 – வந்துச்சு.

“இதுக்கு நடுவுல என்ன மாமா நடக்குது?”

குமிழிகள் கிளம்பிய இடத்திலேயே நிற்பதில்லை, பொதுவாக நொடிக்கு நூறு மீட்டர் கணக்கில் கிழக்கே நகரும் என்று சொன்னேன். அவன் பேனாவைத் திறந்தான். பதினெட்டு நிமிடத்தை நொடியாக்கி நூறால் பெருக்கினான். செயற்கைக்கோள்கள் வானத்தில் பல திசைகளில் இருப்பதால் இது தோராயக் கணக்குதான் என்று எச்சரித்தேன். அது அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. நூற்றெட்டாயிரம் மீட்டர் என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

“நூத்தியெட்டு கிலோமீட்டர். இங்கருந்து திருச்சிக்கு மேல போகுது மாமா.”

நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்த வரியின் இருபத்திரண்டு நிமிடத்தைக் கணக்குப் போட ஆரம்பித்தான்.